எண்ணூறு மீட்டர்

நான் முதன்முதலாக ஓடிய காலையில், பால் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிறுத்தினார். "என்னா பாப்பா, யாருக்கு என்னா ஆச்சு?" என்று பதறிப்போய்க் கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உடம்பு குறைக்கத்தான் ஓடுகிறேன் என்றேன். "அவ்ளோதானா" என்று வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையம், கல்வராயன் மலையின் அடிவாரம். கூட்டுறவு சர்க்கரை ஆலையும் கோமுகி அணையும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நாங்கள் சொல்லும் அடையாளம். அது 2018. எனக்கு நாற்பத்தொரு வயது, எடை 78 கிலோ. இரத்தச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இப்போது இறக்காவிட்டால் மாத்திரைதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பதினைந்து ஆண்டுகள் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியும், பிள்ளைகள் மிச்சம் வைத்த தட்டைக் காலி செய்தும் சேர்த்த உடம்பு. கரும்பு ஊரில் சர்க்கரை வராமல் இருக்குமா என்று வீட்டில் கேலி.

அணைக்குப் போகும் சாலையில் ஒரு புளியமரத்திலிருந்து ஒரு மதகு வரை கணவரின் வண்டி மீட்டரில் அளந்து வைத்துக்கொண்டேன். எண்ணூறு மீட்டர். அதை நிற்காமல் ஓடி முடிப்பதுதான் முதல் இலக்கு. அந்த எண்ணை நான் யோசித்து எடுக்கவில்லை. மரத்துக்கும் மதகுக்கும் நடுவே அவ்வளவுதான் இருந்தது. பெண்களின் வரலாற்றில் அந்த எண்ணுக்கு ஓர் இடம் உண்டு என்பதைப் பிறகுதான் படித்தேன்.

பாட்டியின் கேள்வி பல நாள் மனதில் கிடந்தது. எங்கள் பக்கம் வளர்ந்த பெண் ஒருத்தி சாலையில் ஓடினால் சாவு, தீ, பிரசவம், கிளம்பப்போகும் பேருந்து இவற்றில் ஒன்று இருந்தாக வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ஓடுகிறவளுக்குத் தமிழில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: ஓடுகாலி. எங்கள் ஊர் வாயில் அதைப் பெண்ணுக்கு மட்டுமே கேட்டிருக்கிறேன். 'ஓடிப்போனவன்' கடன்காரனாக இருக்கலாம், பட்டாளத்துக்குப் போனவனாக இருக்கலாம். 'ஓடிப்போனவள்' என்றால் ஒரே பொருள்தான்.

சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்கள் கடற்கரையில் நண்டைத் துரத்தி விளையாடுகிறார்கள். அலவனாட்டுதல் என்று அதற்குப் பெயர். ஓரை ஆடுகிறார்கள், கடலாடுகிறார்கள். அதே இலக்கியத்தில் இற்செறிப்பும் இருக்கிறது. பெண் வளர்ந்துவிட்டாள், ஊர் பேசுகிறது, இனி அவள் வாசலைத் தாண்டக் கூடாது. இதைப் பதினைந்து ஆண்டுகளாக இரண்டு மதிப்பெண் வினாவாக வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஓடத் தொடங்கிய பிறகுதான் அது என் கதையும்கூட என்று உறைத்தது.

1986 சியோல் ஆசிய விளையாட்டில் பி.டி. உஷா நான்கு தங்கம் வென்றபோது எனக்கு ஒன்பது வயது. அந்த ஆண்டு எங்கள் தெருவில் வேகமாக ஓடிய பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் பட்டப்பெயர் உஷாதான். பதின்மூன்று வயதில் நான் பெரியவளானேன். "இனிமே இந்த ஓட்டம் குதியாட்டம்லாம் வேணாம்" என்றார் அம்மா. அதன்பின் பி.டி. உஷா என்ற பெயர் வசவாக மாறியது: "பெரிய பி.டி. உஷான்னு நெனப்பு." அடுத்த இருபத்தெட்டு ஆண்டுகள் பேருந்துக்குத் தவிர நான் ஓடவில்லை. இற்செறிப்புக்கு நம் காலத்தில் கதவுகூடத் தேவைப்படவில்லை.

இனி அந்த எண்ணூறு மீட்டருக்கு வருகிறேன். ஒலிம்பிக் தடகளத்தில் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1928இல், ஆம்ஸ்டர்டாமில். மொத்தம் ஐந்தே போட்டிகள். அவற்றில் நீளமான ஓட்டம் 800 மீட்டர். ஆகஸ்ட் 2 அன்று இறுதிப் போட்டியில் ஒன்பது பேர் ஓடினார்கள். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையுடன் வென்றார். இரண்டாவதாக வந்த கினுவே ஹிதோமி, ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் ஜப்பானியப் பெண்.

மறுநாள் செய்தித்தாள்களில் இந்தச் சாதனை பின்னுக்குப் போனது. பெண்கள் சுருண்டு விழுந்தார்கள், பார்க்கவே பரிதாபமாக இருந்தது என்று எழுதினார்கள். பதினொரு பேர் ஓடியதாகவும் ஐந்து பேர் பாதியில் நின்றுவிட்டதாகவும்கூட ஒருவர் எழுதினார். ஓடியதே ஒன்பது பேர்தான். எல்லைக்கோட்டைத் தாண்டியபின் ஓரிருவர் களைத்துத் தரையில் சாய்ந்தது உண்மை. ஆண்களும் அப்படிச் சாய்வதுண்டு; அதைப் பார்த்து யாரும் ஆண்களின் ஓட்டத்தை நிறுத்தியதில்லை. இந்த அளவு ஓடினால் பெண் சீக்கிரம் கிழவியாகிவிடுவாள், பிள்ளை பெறும் சக்தி போய்விடும் என்று அக்காலத்து மருத்துவப் பேச்சும் சேர்ந்துகொண்டது. பெண்களின் 800 மீட்டர் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. அது திரும்பி வந்தது 1960இல், ரோமில். புளியமரத்திலிருந்து மதகு வரை உள்ள தூரத்துக்கு முப்பத்திரண்டு ஆண்டுத் தடை.

தடை நீங்கியதும் அளவெடுப்பது தொடங்கியது. 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில், தாங்கள் பெண்கள்தாம் என்று காட்ட வீராங்கனைகள் மருத்துவர்கள் முன் ஆடையில்லாமல் நிற்க வேண்டியிருந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அது குரோமோசோம் சோதனையாக மாறியது. எல்லாப் பெண்களுக்கும் கட்டாயம் என்ற விதியை ஒலிம்பிக் குழு 1999இல் கைவிட்டது. ஆனால் சந்தேகம் வந்தால் சோதிக்கலாம் என்ற அதிகாரம் மிஞ்சியது. யாரைப் பார்த்துச் சந்தேகம் வரும்?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை செய்த தலித் பெற்றோருக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்திரராஜன். 2006 டிசம்பரில், தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். அதன்பின் பாலினச் சோதனை நடந்தது, பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். தமிழ்நாடு அரசு 15 லட்சம் ரூபாய் பரிசளித்தது. அந்தப் பணத்தில் அவர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்வதாகச் செய்தி வந்தது. நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது 2016இல்தான். பதக்கம் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் ஓட வரும் எல்லாரிடமும் மரபணுச் சோதனை கேட்கிறது. சுற்றி வளைத்து 1968க்கே வந்து நிற்கிறோம்.

இதையெல்லாம் படித்தபோது என் எடைக்கருவி எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. சாந்தி பட்டதையும் என் 78 கிலோவையும் ஒரே தராசில் வைக்கவில்லை. அது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் பெண் ஓடுவதற்கு முன் அவள் உடம்பு எதையாவது நிரூபிக்க வேண்டும் என்ற வழக்கம் இரண்டிலும் உண்டு. அன்று கருப்பை கெடாது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறகு, பெண்தான் என்று. இன்று என் போன்றவர்களிடம் தெரு கேட்பது, எத்தனை கிலோ குறைந்தது என்று. 'உடம்பு குறைக்க' என்பது தெரு எனக்கு எழுதித் தந்த அனுமதிச் சீட்டு. அதை நான்தான் முதல் நாளே பாட்டியிடம் நீட்டினேன்.

ஓட்டம் என் உடம்புக்கு நல்லது செய்தது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினேன். எண்ணூறு மீட்டரை நிற்காமல் ஓடப் பத்து வாரம் ஆனது. ஆறு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கி, பிறகு முள் அசையவே இல்லை. ஆனாலும் சுடிதார் தளர்ந்தது, சர்க்கரை இறங்கியது. இராத்திரிச் சோற்றைக் குறைக்காமல் ஓட்டத்தால் மட்டும் எடை போகாது என்பதும் தெரிந்தது. மார்பைப் பிடித்து நிறுத்தும் உள்ளாடை இல்லாமல் ஓடவே முடியாது. அதை வாங்கக் கடையில் பெயர் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டு மூன்று மாதம் வலியோடு ஓடியிருக்கிறேன். தெரிந்த பெண்களுக்கெல்லாம் இப்போது முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான் ஓடும் நேரத்தில் கரும்பு வெட்டப் பெண்கள் அரிவாளோடு போவார்கள். மலையிலிருந்து பழங்குடிப் பெண்கள் சுமையோடு இறங்கி வருவார்கள். பகலெல்லாம் வேலை செய்யும் அந்தக் கால்களின் வலுவை யாரும் உடற்பயிற்சி என்று சொல்வதில்லை. உடம்பைக் குறைக்க ஓடுவதற்கு முதலில் உடம்பில் மிச்சம் சேர வேண்டும், காலையில் அரை மணி நேரம் நம்முடையதாக இருக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் எல்லாப் பெண்களுக்கும் வாய்க்காதவரை என் ஓட்டத்தை நான் பெரிய விடுதலையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இப்போது அந்தச் சாலையில் நான் தனியாக இல்லை. காவலர் தேர்வுக்குப் பெண் பிள்ளைகள் விடியற்காலையில் வந்து ஓடுகிறார்கள். நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒருத்தி கைப்பேசியில் நேரம் பார்ப்பாள். அவர்களுக்கும் ஒரு சீட்டு இருக்கிறது: அரசு வேலை. தேர்வு முடிந்ததும் பாதிப் பேர் வருவதில்லை. சீட்டு காலாவதியாகிவிடுகிறது.

போன மாதம் அவர்களில் ஒருத்தி மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து கேட்டாள், "டீச்சர், நீங்க எதுக்கு ஓடுறீங்க? சுகருக்கா?"

எடை பார்ப்பதை நான் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உடனே சொல்ல ஒரு காரணமும் வரவில்லை.

"சும்மாதான்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். மதகைத் தொட்டுவிட்டு இரண்டு பேரும் திரும்பினோம்.