மந்திரி குமாரி

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட தமிழ்ப் படம். இயக்கம்: எல்லிஸ் ஆர். டங்கன், டி. ஆர். சுந்தரம், வசனம்: மு. கருணாநிதி. கதைக்கரு ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியிலிருந்து வந்தது. குண்டலகேசியில் எஞ்சியவை 19 பாடல்களே. ஆயினும் கதையின் உச்சம் பிழைத்திருக்கிறது: கொல்ல மலையுச்சிக்கு அழைத்துவந்த கள்வக் கணவனை, சாகுமுன் மும்முறை வலம்வர அனுமதி கேட்டு, பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள் மனைவி. படத்தில் மாதுரி தேவி தள்ள, எஸ். ஏ. நடராஜன் விழுகிறார். காப்பியத்தின் பௌத்தத் தருக்கம் விடுபட்டு, ராஜகுரு எதிர்ப்பு அரசியல் புகுந்தது. நாயகன் எம்.ஜி.ஆர். என்றாலும் படம் மாதுரி தேவியுடையதே.