இரண்டாம் காய்ச்சலும் திருச்சபையின் சந்திப்பு ஊழியமும்

கொள்ளைநோய்களைத் திருச்சபை பெரும்பாலும் மாண்டோர் தொகையைக் கொண்டே நினைவுகூருகிறது. அவர்கள் எவ்வாறு மாண்டனர் என்று வினவும்போதே நம் பணி இன்னதெனத் தெளிவாகும்.

1918 ஜூனில் பம்பாயில் தோன்றிய இன்புளுயன்சா, செப்டம்பர் முதல் இந்தியாவெங்கும் கொடுமையாகப் பரவிற்று. பருவமழை பொய்த்து உணவு அருகிய ஆண்டு அது. மாண்டோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் என்பது பிற்கால ஆய்வாளரின் கணிப்பு. 1911க்கும் 1921க்கும் இடையே நாட்டின் மக்கள்தொகை குறைந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். அந்நாளைய மருத்துவர் பலர், 1892இல் பைபர் கண்ட பாக்டீரியாவே நோய்க்கு மூலமென்று எண்ணினர். மனிதரைத் தாக்கும் இன்புளுயன்சா வைரஸ் 1933இல்தான் பிரித்தறியப்பட்டது. எனினும், பாதுகாக்கப்பட்டிருந்த நுரையீரல் திசுக்களை மீண்டும் ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, 1918இல் மாண்டோரில் பெரும்பாலோர் வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாவால் மடிந்தனர் எனக் காட்டிற்று. வைரஸ் மூச்சுக்குழாயின் உட்படலத்தைச் சிதைக்கிறது. மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றி இருந்த பாக்டீரியாக்கள் அவ்வழியே நுரையீரலுக்குள் இறங்குகின்றன.

1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தை அடைந்த ராஜூலா கப்பலுடன் ஆசிய இன்புளுயன்சா இந்நாட்டில் நுழைந்தது. 1958 பிப்ரவரிக்குள் 44 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. பதிவான மரணங்கள் ஏறத்தாழ 1,100. இவ்வைரஸின் வீரியம் குறைவாயிருந்ததோடு, 1918இல் இல்லாத பெனிசிலின் போன்ற மருந்துகள் அன்று கைக்கெட்டின.

கொள்ளைநோயைத் தேவதண்டனை என்று மட்டுமே விளக்கும் பிரசங்கம், பசியையும் மருத்துவமின்மையையும் மறைத்துவிடுகிறது. இராயபுரத்தில் மட்டில்டா மக்பெய்ல் அம்மையாரின் ஊழியத்தால் வளர்ந்த ரெய்னி மருத்துவமனையும், அதே 1918 ஆகஸ்டில் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் வேறொரு விடை பகர்ந்தன. நல்ல சமாரியனும் காயத்தைக் கட்டியபின் சத்திரத்திற்குக் கொண்டுசென்றானன்றோ?

அனல்மின் நிலையங்களின் புகையும் சாம்பலும் சூழ்ந்த அத்திப்பட்டு, எண்ணூர்ப் பகுதிகளில் ஊழியம் செய்வோருக்கு இது பழங்கதையன்று. மாசடைந்த காற்று நுரையீரலின் காப்பை முன்னரே தளர்த்துகிறது. காய்ச்சல் தணிந்ததென்று ஸ்தோத்திரம் ஏறெடுத்த வீட்டில், சில நாளில் மீண்டும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் காணின் அதுவே ஆபத்தின் அடையாளம். அவ்வேளையில் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், அங்கே உடனிருப்பதும் ஜெபத்தின் தொடர்ச்சியே எனச் சபைக்குக் கற்பிப்பது நம் கடன்.