மாத்தளை மாவட்டத்தில் போக்குவரத்தும் தொன்மைக் கட்டடங்களும்: நாலந்தா கெடிகே எழுப்பும் வினாக்கள்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவில் ஏறக்குறைய 25 கிலோமீற்றர் வடக்கே நாலந்தா என்னும் ஊர் உள்ளது. தெருவிலிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால், நீர்த்தேக்கத்தின் ஓரமாக, முற்றிலும் கருங்கல்லாலான சிறு கோயிலொன்றைக் காணலாம். அதுவே நாலந்தா கெடிகே. கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது என அறிஞர் பலவாறாகக் கணித்துள்ள இக்கட்டடம் இன்று நிற்குமிடம் அதனைக் கட்டியோர் தேர்ந்த இடமன்று. 1975ஆம் ஆண்டில் அது கல் கல்லாகக் கழற்றப்பட்டது. மேட்டு நிலத்தில் மீண்டும் அடுக்கப்பட்டு 1980ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. பார்க்க வருவோரிற் பலர் இதனை அறியாமலே திரும்புகின்றனர்.

இடமாற்றத்துக்குக் காரணம் மகாவலித் திட்டமாகும். பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலியின் நீர் 1976ஆம் ஆண்டு முதல் சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக உக்குவளைக்கு வந்து, மின் நிலையத்தைக் கடந்து சுது கங்கையில் விழுகின்றது. அங்கிருந்து போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைந்து, பிறிதொரு சுரங்கத்தால் கலாவாவிப் பக்கமாகத் திருப்பப்படுகின்றது. வறண்ட வலயத்து உழவனுக்கு இந்நீர் எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்கத் தேவையில்லை. எனவே நீரா கல்லா என வினவி, கல்லின் பக்கம் நின்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கழற்றிக் கூட்டியதால் எது காக்கப்பட்டது, எது காக்கப்படவில்லை என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

காக்கப்பட்டது கட்டடம். அர்த்தமண்டபம், இடைகழி, கருவறை என அமைந்த அதன் தள அமைப்பும், கூடுகளுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் முகங்களும் மாமல்லபுரத்துக் கற்றளிகளை நினைவூட்டுவன. சிகரத்தின் ஒரு புறத்தே குபேரன் அமர்ந்துள்ளான். அடித்தளத்தில், தாந்திரிக நெறியின் சாயல் எனப் பலரும் கருதும் தேய்ந்த சிற்பமொன்று உண்டு. உள்ளே புத்தர் சிலையும் உளது. இதனைப் பல்லவர் தந்த சைவக் கோயிலென உரிமை கொண்டாடும் நம்மவர்க்கும், தென்னிந்தியத் தொடர்பைச் சொல்லவே தயங்கும் மறுசாரார்க்கும் இக்கட்டடம் ஒருங்கே இடையூறாக நிற்கின்றது. சிற்பியின் உளி எல்லை பார்த்துச் செதுக்கவில்லை. மகாயானமும் தாந்திரிகமும் திராவிடக் கட்டடக் கலையும் ஒரே பள்ளத்தாக்கில் சந்தித்த காலமொன்று இருந்தது என்பதற்கு இஃது அரிய சான்று.

காக்கப்படாதது அப்பள்ளத்தாக்கு. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நாலந்தாவைத் தன் படைத்தளமாகக் கொண்டிருந்தான் எனச் சூளவம்சம் கூறும். படைத்தளம் என்றால் அரண் மட்டுமா? தானியக் களஞ்சியம், கொல்லர் பட்டறை, குடியிருப்பு, நீர்நிலை, வழித்தடம் எல்லாம் அதில் அடங்கும். கோயிலொன்று தனியே வானிலிருந்து இறங்குவதில்லை. அதனைச் சூழ்ந்து உழைத்த மக்களின் எச்சங்கள் மண்ணடுக்கிலேயே கிடக்கும். கல்லைப் பெயர்க்கலாம், மண்ணடுக்கைப் பெயர்க்க முடியாது. ஆந்திரத்தில் நாகார்ச்சுனசாகர் அணை கட்டப்பட்டபோது 1954 முதல் 1960 வரை நாகார்ச்சுனகொண்டாப் பள்ளத்தாக்கு முழுவதும் அகழப்பட்டு, இக்சுவாகு மன்னர் காலத்து நகரமொன்றின் அமைப்பு பதிவு செய்யப்பட்ட பின்னரே நீர் ஏறிற்று. முக்கிய கட்டடங்கள் குன்றின் மேல் மீளவும் அமைக்கப்பட்டன. அங்கே ஆய்வின் அலகு பள்ளத்தாக்கு. நாலந்தாவில் இன்று நம் கண்முன் எஞ்சியிருப்பது ஒரு தனிக் கட்டடம்.

இவ்வேறுபாடு போக்குவரத்து வரலாற்றுக்கும் பொருந்தும். மாத்தளை மாவட்டத்தில் வழி அமைக்கும் வேலை எக்காலத்தும் மக்களைக் கேட்டு நடந்ததில்லை. 1848இல் ஆள்பதி டொரிங்டனின் ஆட்சி விதித்த தெருச் சட்டம், ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய் அல்லது மூன்று சிலிங் கட்டு என்றது. அவ்வாண்டு யூலை 26ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டதற்கும், மாத்தளை கிளர்ந்தெழுந்ததற்கும் நாய் வரி, துப்பாக்கி வரி ஆகியவற்றோடு இத்தெருச் சட்டமும் காரணமாயிற்று. புரன் அப்பு ஆகஸ்டு 8ஆம் நாள் கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டான்.

அதே பெருவழியில்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் பலர். கெடிகேயின் கல்லுக்கு எண்ணிடப்பட்டது. அவ்வழியில் விழுந்தவர்க்கோ நடுகல்லும் இல்லை.

கண்டிக்கு 1867இல் வந்த புகையிரதம் கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, வத்தேகம, உக்குவளை வழியாக மாத்தளையை அடைந்தது 1880இலேயாம். பாதையின் அவசியத்தை நிறுவிய கணக்கு கோப்பி மூடைக் கணக்கு. ஆனால் 1869இலேயே கோப்பியில் இலைநோய் தோன்றிவிட்டது. பாதை திறந்த பத்தாண்டுக்குள் கோப்பி அழிந்தது. எந்தப் பயிருக்காகத் தண்டவாளம் போடப்பட்டதோ அப்பயிர் அதில் ஏறிச் செல்ல நெடுங்காலம் இருக்கவில்லை. பாதையும் மாத்தளையோடு நின்றது. வடக்கே செல்லும் புகையிரதம் பொல்காவலையிலிருந்து குருநாகல் வழியாக வேறு தடம் பிடித்தது. இக்காரணத்தால் நாலந்தாவும் தம்புள்ளையும் தண்டவாளத்துக்கு அப்பாற்பட்டே இருந்தன. ஒருவகையில் அவற்றுக்கு அது நன்மையாயிற்று எனலாம்.

ஏனெனில் 19ஆம் நூற்றாண்டுப் புகையிரதப் பொறியாளர் தொன்மைக் கட்டடத்தைப் பெரும்பாலும் கற்குவியலாகவே கண்டனர். லாகூர்–முல்தான் பாதைக்கு அரப்பாவின் செங்கற்கள் அள்ளிக் கொட்டப்பட்டன. சிந்துவெளி நாகரிகம் இன்னதென உலகம் அறியுமுன்னரே அதன் பெருநகரொன்றின் மேடுகள் தண்டவாளத்துக்கு அடியிற் போயின. பிரித்தானியரின் சொந்த மண்ணிலும் இதுவே நிலை. பெரிக் நகரத்துப் பழங்கோட்டையின் பெருமண்டபம் நின்ற இடத்தில்தான் 1846இல் புகையிரத நிலையம் எழுந்தது.

இன்று சட்டம் உண்டு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் சின்னங்களைக் காத்தது. கெடிகே மீண்டும் எழுந்த அதே 1980இல் தேசிய சுற்றாடற் சட்டம் இயற்றப்பட்டது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றாடற் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. 1993ஆம் ஆண்டு வர்த்தமானி எவ்வெத் திட்டங்கள் அதற்கு உட்படும் என வரையறுத்தபோது தொல்பொருள் ஒதுக்கிடங்களையும் கவனத்திற் கொண்டது. 2000ஆம் ஆண்டில் தொல்பொருட் தாக்க மதிப்பீடும் தனி நடைமுறையாயிற்று. கெடிகே கழற்றப்பட்ட 1975இல் இவற்றுள் முதலாவதைத் தவிர வேறெதுவும் இல்லை.

குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாக ஹபரணைக்குப் புகையிரதப் பாதை அமைக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்துள்ளது. தம்புள்ளையின் ஐந்து குகைகளும் 1991 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளன. நிலையம் வேண்டுமென்றால் புதுக் கட்டடம் எழுப்பலாம். பழைய மண்டபமொன்றையோ தங்குமடத்தையோ நிலையமாக மாற்றி, மரபைக் காத்தோம் எனப் பெருமையும் கொள்ளலாம். பின்னையது மலிவாகவும் அழகாகவும் தோன்றும். ஆயின் நிலையம் என்பது கூரையும் பயணச்சீட்டுச் சாளரமும் மட்டுமன்று. மேடையின் உயரத்துக்கேற்ப நிலமட்டம் மாறும். மழைநீர் வடியும் திசை மாறும். பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சும். வண்டியின் அதிர்வு நாள்தோறும் சுவரை அடையும். முன்றிலில் பேருந்தும் முச்சக்கரவண்டியும் கடையும் கூடும். தம்புள்ளையில் பாறைமீது பூசிய மெல்லிய சாந்தில் ஓவியங்கள் உள்ளன. தண்டவாளம் எத்தனை மீற்றர் விலகிச் செல்கிறது என்பது பொறியியல் வினா மட்டுமன்று.

எனவே மதிப்பீட்டின் அலகு எது என்பதையே முதலிற் கேட்க வேண்டும். கட்டடத்தின் சுவருக்குள் நின்று அளந்தால் கெடிகேயின் கதையே மீளும்: கல் பத்திரமாக இருக்கும், இடம் போய்விடும். நிலம், நீர்வழி, அகழப்படாத மண், பழைய நடைவழி, இன்று அங்கு வாழும் உழவரும் கூலியாளரும் எல்லாம் சேர்ந்தே அலகாதல் வேண்டும். தோட்டத் தொழிலாளர் நடந்த வடக்குப் பாதை எந்தத் தொல்பொருட் பட்டியலிலும் சின்னமாகாமற் போகலாம். அதில் தூணோ சிகரமோ இல்லை. ஆயினும் அப்பாதையின் தடத்தைத் தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையே வரைபடத்திற் குறித்து மதிப்பீட்டில் இணைப்பது கடினமான வேலையன்று.

மதிப்பீட்டறிக்கையைப் படித்துக் கருத்துரைக்கப் பொதுமக்களுக்குச் சட்டம் தரும் காலம் 30 நாட்கள். வயலிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ பிரதேச செயலகத்துக்கு வந்து அறிக்கையைப் புரட்ட வேண்டியவருக்கு அது ஒரு நாட்கூலியை இழக்கும் செயல். அறிக்கை முழுவதும் சிங்களத்திலும் தமிழிலும் அவர் கையில் கிடைத்தல் வேண்டும். அவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஒருவர் அவர் ஊருக்கே செல்லுதல் வேண்டும். 1848இல் தெருவேலைக்கு ஆள் எண்ணச் சென்றவர்கள் ஊர் ஊராகச் சென்றனர். அவ்வளவு தூரம் இவர்களாலும் செல்ல முடியும்.