வெறுங்காலும் வீரக்கதையும்

1948ஆம் ஆண்டு யூலை 31ஆம் நாள் நம் நாடுகளின் விளையாட்டு வரலாற்றில் இருமுறை பொறிக்கப்படவேண்டிய நாளாகும். அன்று இலண்டன் வெம்பிளி அரங்கில், 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் டங்கன் வைற் வெள்ளிப் பதக்கம் வென்று, சுதந்திரம் பெற்று ஆறு மாதமும் நிறையாத இலங்கைக்கு அதன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை ஈட்டித் தந்தார். அதே நாளில், இலண்டனை அடுத்த இல்போர்ட்டில், இந்திய உதைபந்தாட்ட அணி தன் முதல் ஒலிம்பிக் ஆட்டத்தில் பிரான்சை எதிர்கொண்டது.

அணித் தலைவர் தலிமெரென் ஆவோ, நாகா மலையின் சாங்கி என்னும் சிற்றூரிற் பிறந்து, கல்கத்தா கார்மைக்கேல் கல்லூரியில் மருத்துவம் பயின்றவர். ஆடியோரிற் பெரும்பாலோர் வெறுங்காலினர். பிரான்சு ஒரு கோல் போட்டு முந்தியது. எழுபதாம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். கிடைத்த இரு தண்டனை உதைகளும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயிற் பிரான்சு இன்னொரு கோல் போட்டு 2–1 என வென்றது.

வெள்ளாங்குளம் முதலான மன்னார்க் கரையூர்களில் வெறுங்காலாற் பந்துதைத்து வளர்ந்தோருக்கு இக்கதை இனிக்கும். ஆயினும், அந்த இனிப்பிலேயே நாம் மயங்கி நின்றுவிடலாமா?

1950இற் பிரேசிலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிக்குத் தகுதிபெற்றும் இந்தியா செல்லவில்லை. வெறுங்காலுடன் ஆடத் தடை விதித்தமையே காரணம் என்ற கதை இன்றும் உலவுகின்றது. ஆய்ந்தோர் அதனை ஏற்பதில்லை. நெடுங்கடற் பயணத்துக்குத் தயங்கியதும், உலகக் கிண்ணத்தின் பெருமையை உணராத நிருவாகமுமே அவர்கள் காட்டும் காரணங்கள். மேலிடத்தாரின் அசட்டை, கதையில் ஆட்டக்காரரின் பாதங்களின்மேல் ஏற்றப்பட்டது!

1952இல் எல்சிங்கியின் குளிரில் யூகோசிலாவியாவிடம் 10–1 எனத் தோற்ற பின்னரே சப்பாத்து கட்டாயமாயிற்று. நான்காண்டு கழிந்து, 1956இல் மெல்பேணில், நெவில் டிசூசாவின் மூன்று கோல்களுடன் அவுஸ்திரேலியாவை 4–2 என வீழ்த்திய இந்தியா, நான்காம் இடத்தை எய்தியது. அந்த அணியைப் பயிற்றுவித்தவர் யார்? ஐதராபாத்திற் பள்ளி ஆசிரியராயிருந்த சையது அப்துல் ரகீம்! இல்போர்ட் ஆட்டத்தின் பின் எட்டே ஆண்டில், காலுக்குச் சப்பாத்தும் கற்பிக்க ஓர் ஆசானும் வாய்த்ததால் நேர்ந்த மாற்றம் இது.

இல்போர்ட்டில் ஆடியவர்களிடம் திறமை குறைவாயிருக்கவில்லை. அத்திறமையைப் பேணவேண்டியவர்களிடம் பொறுப்பே குறைவாயிருந்தது. வறுமையிலும் ஆடிய மனிதரை நாம் போற்றுவோம். அவர்களை வறுமையில் வைத்த ஏற்பாட்டைப் போற்றமாட்டோம். வெறுங்காலின் புகழ் பாடுவோர் பெரும்பாலும் சப்பாத்தணிந்தோரே என்பதையும் மறவோம்.

2008இற் போரினால் இடம்பெயர்ந்து, பின் மீண்டெழுந்த ஊர் வெள்ளாங்குளம். அங்குள்ள பிள்ளைகளுக்கு வீரக்கதை சொல்லும் ஆசிரியர்கள், கதையோடு ஒரு கோரிக்கையையும் சேர்த்துச் சொல்லட்டும்: சமதரையான ஒரு திடல், காலுக்கேற்ற சப்பாத்து, கற்பிக்க ஓர் ஆசான். இவை எவரும் இரங்கி அளிக்கும் கொடையல்ல, அப்பிள்ளைகளின் உரிமை.