ஒரு வழிச் சீட்டு

இரவில் கப்பலேறிப் படுத்துக்கொள்வது, காலையில் கண் விழித்தால் அந்நிய நகரம் ஒன்றின் துறைமுகம், இரண்டு நாள் கடைவீதி சுற்றிவிட்டு அதே கப்பலில் திரும்புவது - இதெல்லாம் ஐரோப்பியருக்கே உரிய சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் கொள்ளுப் பாட்டனார்களுக்குத் தூத்துக்குடியிலேயே அது கிடைத்தது. கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. ஐந்தாறு மைல் தள்ளி நிற்கும் கப்பலுக்குப் படகில் போக வேண்டும். அங்கே ஏறிவிட்டால் மறுநாள் காலை கொழும்பு. இந்த வழியில்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி போட்டிக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு, இறங்கும்போது கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். குடைக்கு ஆசைப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கொழும்பில் மழை அதிகம்.

குன்னூருக்கு மலை ரயில் 1899-இல் வந்தது. அப்புறம் நீலகிரித் தோட்டத்துத் துரைக்குக் கொழும்பு அவ்வளவு தூரமில்லை. மேட்டுப்பாளையம், ஈரோடு, திருச்சி என்று இறங்கிப் போனால் ஆயிற்று. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. மார்ச்சில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் 'போட் மெயில்' ஏறினால் ஓர் இரவு நம் ரயிலில், சில மணி நேரம் கடலில், மற்றோர் இரவு இலங்கை ரயிலில். கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரை ஒரே டிக்கெட்.

துரையும் துரைசாணியும் மேல் தட்டில் காற்று வாங்கினார்கள். அதே கப்பலில் கீழே ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. திருச்சி, மதுரை, சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணியின் பின்னால் கிளம்பியவர்கள். மண்டபம் முகாமில் நோய் பார்த்து, தோட்டத்தின் எண் அடித்த தகர டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். ஆளுக்குப் பெயர் எதற்கு? எண் இருந்தால் போதாதா? இவர்களுடைய முன்னோர் காப்பிக்காகப் போனார்கள். 1869-இல் காப்பிச் செடிக்கு இலை நோய் வந்து, அது நாளடைவில் அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்தது. செடி மாறியது; கங்காணியின் கடன் கணக்கு மட்டும் மாறவில்லை.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் செய்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் டில்லியில் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பித்தளை அண்டாவைக்கூட எடை போட்டுப் பார்த்துத்தான் பங்கு வைப்பார்கள். இங்கே தலைகளை எண்ணியதோடு சரி; அந்தத் தலைகளைக் கேட்டவர் யார்?

ஒப்பந்தத்தின் மை உலர்வதற்குள், அந்த டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் ராமேசுவரத்துக்கு வந்தது.

மலைநாட்டு ஸ்டேஷன்களில் அப்போது நடந்ததை நாவலில் எழுதினால் மிகை என்பார்கள். ஒரே லயத்தில் பிறந்த அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. ரயிலை அங்கே 'கோச்சி' என்பார்கள். தலைமன்னாருக்குப் புறப்படும் வண்டிக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த ரயில்வே அதிகாரியும் வைத்ததில்லை.

வந்தவர்களுக்கு வேலை கொடுக்க, தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976-இல் அது தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் - மறுபடியும் குளிர், மறுபடியும் லயம், மறுபடியும் முதுகில் கூடை. காலைப் 'பெரட்டு' என்ற சொல்லைக்கூட அவர்கள் கப்பலில் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லோருக்கும் தோட்ட வேலை கிடைக்கவில்லை. எத்தனையோ பேர் விறகு வெட்டியும் கூலி வேலை செய்தும் பிழைத்தார்கள். அங்கே 'இந்தியாக்காரன்' என்று அழைக்கப்பட்டவனுக்கு இங்கே 'சிலோன்காரன்' என்று பெயர். கழகமும் நஷ்டத்தில் விழுந்தது. அதன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பதென 2022-இல் முடிவாயிற்று. அந்த மண்ணில் ஐம்பது வருஷம் கொழுந்து பறித்தவர்கள் வீட்டைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினார்கள்.

ராமேசுவரம் கப்பல் 1984-இல், இலங்கையில் கலவரம் முற்றிய காலத்தில், நின்றுபோயிற்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். இரவுப் பயணம்கூட இல்லை. பகலில் சில மணி நேரம்தான். யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டு மூன்றே நாளில் திரும்பிவிடலாம்.

கூடலூரில் இருக்கும் ஒரு கிழவிக்குப் பிறந்த இடமான பதுளையைப் பார்க்க ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். மலை இறங்கி, நாகப்பட்டினம் போய், கடல் தாண்டி, மறு கரையில் நெடுந்தூரம் போய் மறுபடி மலை ஏற வேண்டும். அதற்கு முன்னால் பாஸ்போர்ட் எடுத்து, அனுமதி விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'சுற்றுலா' என்று குறிக்க வேண்டும்.