ஆங்கில நாட்டுக் கெண்டைகளின் கால்வழி

கெண்டை என்றவுடன் தமிழறிந்தோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது மாதரின் கண். புலவர் பாடிய அச்சிறு கெண்டை வேறு. ஈண்டு நாம் பேசப்போகும் கெண்டை வேறு. பொன்னிறச் செதிலும் வாயோரத்தில் இரண்டு இணை மீசையும் உடையது. குளத்தின் அடிச்சேற்றைக் கிளறி இரை தேடுவது. பல்லாண்டு வாழ்ந்து முப்பது, நாற்பது இராத்தலுக்கு மேலும் வளரக்கூடியது. ஆங்கிலத்தில் கார்ப் எனப்படும் இம்மீனைத் தமிழ்நாட்டு மீன்வளத் துறையினர் சாதாக் கெண்டை என்பர். 1939ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொணர்ந்து நீலகிரியில் விடப்பட்டதும் இவ்வினமே.

இங்கிலாந்தில் இம்மீனுக்கு இருக்கும் மதிப்பு வியப்பூட்டுவது. அந்நாட்டுத் தூண்டிற்காரர்கள் பெரும்பாலும் இதனை உண்பதற்காகப் பிடிப்பதில்லை. பிடித்து, நிறுத்துப் பார்த்து, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். ஒரே மீன் பலர் தூண்டிலிலும் மாறி மாறி அகப்படுவதால் அதற்குப் பெயரிடுகின்றனர். அது இறந்தால் வருந்துகின்றனர். அவ்வளவோடு நில்லாது, குதிரைக்குக் கால்வழி பார்ப்பதுபோல், இம்மீனின் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்றும் ஆராய்கின்றனர். பழைய மரபு மீன் உள்ள ஏரிக்குத் தனிப்பெருமை உண்டு. அப்பெருமை எவ்வளவு உண்மையானது என்பதைக் காண்போம்.

துறவியர் கொணர்ந்தனரா?

கெண்டை இங்கிலாந்தின் சொந்த மீன் அன்று. ஐரோப்பியக் கெண்டையின் தாயகம் கருங்கடலில் கலக்கும் டான்யூப் ஆறு. கிறிஸ்துவத் துறவியர், புலால் விலக்க வேண்டிய விரத நாள்களில் மீன் உண்பதற்காக இதனைக் கொணர்ந்து மடத்துக் குளங்களில் வளர்த்தனர் என்பது அந்நாட்டில் செவிவழியாக வரும் செய்தி. இடிந்த மடம் ஒன்றின் அருகே குளமும் அதில் கெண்டையும் இருந்துவிட்டால், அது துறவியர் விட்ட மீனின் வழித்தோன்றல் என்று எளிதிற் சொல்லிவிடுவர்.

ஏடுகள் கூறும் வரலாறு வேறு. இடைக்காலத்து மடக் குளங்களில் பெரிதும் வளர்க்கப்பட்டவை பிரீம், பைக் முதலிய மீன்களே. பின்னாளில் நார்ஃபோக் கோமகனாக உயர்ந்த சர் ஜான் ஹோவர்டின் வீட்டுக் கணக்கில், 1460களில், அவர் குளங்களில் கெண்டை விட்ட செய்தி காணப்படுகின்றது. 1496இல் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட தூண்டில் நூல், கெண்டை சுவைமிக்கதென்றும் இங்கிலாந்தில் அது மிகச் சிலவே உண்டென்றும் குறிக்கின்றது. சசெக்ஸ் வட்டாரத்தைச் சேர்ந்த மாஸ்கல் என்பவரே அதனை முதலில் கொணர்ந்தார் என்று 1590இல் வெளியான லெனர்ட் மாஸ்கலின் நூல் கூறிற்று. ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட தம் நூலில் அதனை ஏற்று வழிமொழிந்தார். வால்டன் சொல்லுக்கு இருந்த மதிப்பினால் அக்கூற்றும் நெடுங்காலம் நிலைத்தது.

எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தது 1536க்கும் 1541க்கும் இடையில். பதினைந்தாம் நூற்றாண்டிலும் அரிதாகவே இருந்த மீன் அது. ஆகவே, துறவியருக்கும் கெண்டைக்கும் இருந்த உறவு கதையில் வருமளவு நீண்டதாக இருந்திருக்க இயலாது. கோமான்களின் குளங்களே அதனைப் பரப்பின என்பதற்குச் சான்று வலுவாக உள்ளது.

ஐம்பது சிறு மீன்கள்

அப்பழங் கெண்டை ஒடுங்கி நீண்ட உடலும், உடல் முழுதும் ஒழுங்கான செதிலும் கொண்டது. பத்து இராத்தலைத் தாண்டுவது அரிது. ஆங்கிலேயர் இன்று அதனைக் காட்டுக் கெண்டை என்கின்றனர். ஆனால், தூண்டிற்காரர்கள் கால்வழி தேடிச் செல்வது பெரும்பாலும் இந்த மீனை நோக்கியன்று. இருபதாம் நூற்றாண்டில் வந்த மற்றொரு மரபை நோக்கியே.

நடு ஐரோப்பியக் குளங்களில் உணவுக்காகக் கெண்டை வளர்த்தோர், விரைவாக வளர்வதும் முதுகு உயர்ந்ததுமான மீன்களையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தனர். அவ்வாறு உருவான மரபுகளுள் ஒன்று கலீசியக் கெண்டை. இக்கலீசியா ஸ்பெயின் நாட்டிலுள்ளது அன்று. இன்றைய போலந்திலும் உக்ரேனிலும் பரவிக் கிடக்கும் பழைய ஆஸ்திரிய மாநிலம். அம்மரபு மீன்கள் நெதர்லாந்தின் வாசன் ஊரிலுள்ள மீன்பண்ணையில் வளர்க்கப்பட்டன. அங்கிருந்து அவற்றை இங்கிலாந்துக்குத் தருவித்தவர், சர்ரே மீன்பண்ணையை நடத்திய டோனல்ட் லெனி.

1934இல் லெனி அனுப்பிய ஐம்பது சிறு கெண்டைகள், ஹியர்ஃபோர்ட்ஷியரில் மூன்று ஏக்கர் பரப்பே உள்ள ஒரு குளத்தில் விடப்பட்டன. பின்னாளில் ரெட்மயர் எனப் புகழ்பெற்ற குளம் இதுவே. அதுவரை பிடிபட்ட கெண்டைகளுள் பெரியது, 1930இல் ஆல்பர்ட் பக்லி என்பார் மாப்பர்லி நீர்த்தேக்கத்தில் பிடித்த 26 இராத்தல் மீன். 1951இல் பாப் ரிச்சர்ட்ஸ் ரெட்மயரில் 31 இராத்தலுக்கு மேற்பட்ட மீனைப் பிடித்து அதனை முறியடித்தார். அடுத்த ஆண்டே, 1952 செப்டம்பர் 13இல், ரிச்சர்ட் வாக்கர் அதே குளத்தில் 44 இராத்தல், அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கெண்டையைப் பிடித்தார். அம்மீன் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் கிளாரிசா என்னும் பெயருடன் 1971 வரை வாழ்ந்தது. 1980இல் கிறிஸ் யேட்ஸ் பிடித்த 51½ இராத்தல் மீனும் ரெட்மயர் மீனே.

லெனியின் மீன்கள் வேறு பல ஏரிகளுக்கும் சென்றன. எந்த நீர்நிலைக்கு எப்போது எத்தனை அனுப்பப்பட்டன என்பதைக் காட்டும் அவருடைய குறிப்புகளே இன்று அம்மரபைத் தேடுவோர்க்குக் கைவிளக்கு. வாணிகத்துக்காக எழுதிய கணக்கு வரலாற்று ஆவணமாயிற்று. எனினும், கணக்கிற்கும் எல்லையுண்டு. கிளாரிசா அந்த ஐம்பதில் ஒன்றா, அவை ரெட்மயரில் ஈன்ற குஞ்சா என்பதை அது சொல்லாது.

செதிலின் சாட்சி

குறிப்பில்லாத ஏரியில் மீனின் உடலையே சாட்சியாகக் கொள்ளலாமா? செதில் நிறைந்த கெண்டையும், ஆங்காங்கே பெருஞ்செதில் கொண்ட கண்ணாடிக் கெண்டையும், செதில் ஏறத்தாழ இல்லாத தோல் கெண்டையும் ஒரே இனமே. செதில் நிறைவைத் தரும் மரபணு ஓங்கியது. கண்ணாடித் தோற்றத்தைத் தருவது ஒடுங்கியது. குஞ்சு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் பெறுகின்றது. ஆகவே, செதில் நிறைந்த இரு பெற்றோரிடமும் ஒடுங்கிய மரபணு மறைந்திருந்தால், அவற்றின் குஞ்சுகளில் சராசரி நான்கில் ஒன்று கண்ணாடிக் கெண்டையாகப் பிறக்கும்.

இதனால் விளங்குவது யாது? செதில் நிறைந்திருப்பது பழைய மரபுக்குச் சான்றாகாது. கலீசியக் கெண்டையிலும் செதில் நிறைந்தவை உண்டு. கிளாரிசாவே அத்தகையது. ஒடுங்கிய உடலும் சான்றாகாது. இரை போதாத குளத்தில் உயர்மரபு மீனும் மெலிந்து நீளும். மரபணுவைச் சோதித்தாலன்றிக் கலப்பைக் கண்ணால் மட்டும் தெளிதல் அரிது.

எது பழமை?

இங்கேதான் நாம் நின்று எண்ணவேண்டும். தூண்டிற்காரர்கள் பழைய மரபு என்று கொண்டாடும் லெனியின் மீன்கள் இங்கிலாந்துக்கு வந்து நூறாண்டும் நிறையவில்லை. ஹோவர்டின் காலத்திலிருந்து வரும் காட்டுக் கெண்டைக்கோ ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வாழ்வு உண்டு. பெருமீன் வேண்டும் என்னும் ஆசையால் புது மீனைப் பழைய குளங்களில் விட்டனர். இரண்டும் ஒரே இனமாதலால் தடையின்றிக் கலந்தன. ஊற்றிய பாலிலிருந்து நீரைப் பிரிக்க இயலாததுபோல், கலந்த மரபை மீண்டும் பிரித்தல் இயலாது. ஆகவே, புது மரபின் வெற்றியே பழைய மரபின் அழிவாயிற்று. புது மரபுக்கு ஏடு இருந்தது. பழையதற்கு ஊர்க்கதையே மிஞ்சியது.

இப்போது மற்றோர் இடரும் சேர்ந்துள்ளது. கெண்டைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் கோய் ஹெர்ப்பீஸ் என்னும் நச்சுயிர் நோய், 2007இல் பிரிட்டனில் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் சேர்க்கப்பட்டது. நோய் கண்ட ஏரியிலிருந்து மீனை வெளியே கொண்டுசெல்லத் தடை உண்டு. ஒரே குளத்தில் எஞ்சியுள்ள மரபு, இந்நோய் புகுந்தால் ஒரு கோடைக்குள் அற்றுப்போகக் கூடும்.

எனவே, இங்கிலாந்தில் காட்டுக் கெண்டையைக் காக்க விரும்புவோர் செய்யத்தக்கவை மூன்று: எஞ்சியுள்ள குளங்களின் மீன்களை மரபணுச் சோதனையால் அறிதல், அவற்றில் வேறு மீன் விடாதிருத்தல், விடுவதையும் எடுப்பதையும் நாளிட்டு எழுதிவைத்தல். முதலிரண்டும் மீனைக் காக்கும். மூன்றாவது அதன் வரலாற்றைக் காக்கும். துறவியர் கதை கேட்பதற்கு இனியதே. ஆயினும், ஒரு குளத்தின் கால்வழியை நமக்கு உறுதியாகக் காட்டியது அக்கதையன்று; மீன் விற்ற ஒருவர் எழுதிவைத்த கணக்கே.