அடிக்கல்லைத் தொடாத தூண்

ஒரு பழைய கட்டடத்தை அங்குலம் விடாம ஸ்கேன் பண்ணி வச்சிருக்கோம். நிலநடுக்கத்துல அது விழுந்துடுது. அந்தப் பதிவை வச்சு அச்சு அசலா திரும்பக் கட்டினா, அது பழைய கட்டடமா, நகலா?

ஸ்கேனோட பலத்தை முதல்ல சொல்லிடறேன். மியான்மரின் பகானில், சுவரோவியங்கள் நிறைந்த ஆனந்த ஓக் சௌங் கோவிலை சைஆர்க் அமைப்பு 2016-இல் லேசரால் பதிவு செய்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24-இல் 6.8 அளவு நிலநடுக்கம். எது எங்கே பெயர்ந்ததுன்னு ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பதிவு கையில இருந்தது.

இப்போ நேபாளத்துக்குப் போவோம். காத்மாண்டுவுக்கே பேர் கொடுத்த காஷ்டமண்டபம், அதாவது மர மண்டபம், 2015 ஏப்ரல் 25-இல் 7.8 அளவு நிலநடுக்கத்தில் சரிந்தது. அப்போ உள்ளே ரத்ததான முகாம் நடந்துக்கிட்டிருந்தது. வந்தவங்கள்ல சிலர் வீடு திரும்பல.

பிறகு நேபாளத் தொல்லியலாளர்களும் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுவும் அங்கே அகழாய்வு செய்தார்கள். 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம்னு நம்பியிருந்தாங்க. அஸ்திவாரமோ 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்னமும் உறுதியா இருந்தது. குறை வேற இடத்துல. நடுவில் நின்ற நான்கு பெரிய தூண்களில் ஒன்று தன் அடிக்கல்லில் உட்காரவே இல்லை. முந்தைய பழுதுபார்ப்பில் அந்தக் கல் தளத்துக்கு அடியில் மறைந்துபோயிருந்தது.

யோசிச்சுப் பாருங்க. முந்தின நாளே ஸ்கேன் பண்ணியிருந்தாலும், லேசருக்குத் தெரியறது மேற்பரப்பு மட்டும்தான். தூண் நேரா நிக்கறதாத்தான் பதிவாகியிருக்கும். அதைப் பார்த்து அப்படியே கட்டினா, தப்பையும் சேர்த்துக் கட்டியிருப்போம்.

1994-இல் ஜப்பானின் நாராவில் உருவான ஆவணம் சொல்றதும் இதுதான்: உண்மைத்தன்மை வடிவத்துல மட்டும் இல்ல, பொருள், பயன்பாடு, கட்டும் முறை எல்லாத்துலயும் இருக்கு. பக்கத்துலயே இருக்கிற தரஹரா கோபுரம் கான்கிரீட்டில், லிஃப்டோட, 2021-இல் திரும்ப எழுந்தது. காஷ்டமண்டபத்தை அப்படி விட ஊர்க்காரங்க தயாரா இல்ல. போராடினாங்க, மரமும் செங்கல்லும் மண்ணுமாகப் பழைய முறையில் அது மீண்டும் நிற்கிறது.

என்னைக் கேட்டா, ஸ்கேன் கட்டாயம் பண்ணணும். கூடவே, தூணை அடிக்கல்லில் பொருத்தத் தெரிஞ்ச தச்சருக்கு அடுத்த தலைமுறையிலும் வேலை இருக்கணும்.